ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது: மைக்ரோவேவ் பழுதா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கட்டாரில் வேலை செய்யும் மகன் போன வருடம் மைக்ரோவேவ் வாங்கித் தந்தார். நான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவதால், பிள்ளைகள் அந்தியில் தாங்களே சோற்றையும் கறியையும் சூடாக்குகிறார்கள். ஓரம் கொதிக்கிறது, நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் உறைய வைத்த கோழியைச் சமைத்தால் எலும்புப் பக்கம் சிவப்பாக நிற்கிறது. இரவுச் சோறு அடுப்படியில்தான் இருக்கும், இங்கே குளிர்தானே. சின்ன மகளுக்கு இரண்டு தடவை வாந்தி. டவுனில் ரிப்பேர்காரரிடம் காட்டினேன். மெக்னட்ரோன் போய்விட்டது, மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: சகோதரி, அந்தக் காசை இப்போது கொடுக்காதீர்கள். மெக்னட்ரோன் என்பது உள்ளே அலையை உண்டாக்கும் குழாய். அது செத்துப்போனால் விளக்கு எரியும், தட்டு சுற்றும், ஆனால் சாப்பாடு எங்குமே சூடாகாது. உங்கள் வீட்டில் ஓரம் கொதிக்கிறது. அந்த ஒன்றைக் கேட்டதுமே ரிப்பேர்காரர் யோசித்திருக்க வேண்டும். தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, மலையகத்து டவுன்களில் இந்த மெக்னட்ரோன் கதையை நான் அடிக்கடி கேட்கிறேன். வெளிநாட்டுக் காசு வரும் வீடு என்று தெரிந்தால் கதை இன்னும் நீளும்.

நடப்பது இதுதான். அந்த அலை சாப்பாட்டுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரைதான் இறங்கும். அதற்கு உள்ளே இருப்பது, ஓரத்துச் சூடு மெல்ல மெல்லப் பரவித்தான் வெந்தாக வேண்டும். சோற்றைக் குவித்து வைத்தால் நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரம் போதாது. அதோடு பெட்டிக்குள் அலை சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குறைந்தும் நிற்கும். தட்டு சுற்றுவது அதற்காகத்தான். ஆனால் தட்டின் நடுமையம் எப்போதும் ஒரே இடத்திலேயே நிற்கிறது.

அதனால் சோற்றைப் பரத்தி, உளுந்து வடை மாதிரி நடுவில் ஒரு குழி விடச் சொல்லுங்கள். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, காற்றுப் போகச் சின்ன இடைவெளி விட்டு மூடி, ஒன்றரை நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்து ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் கிளறி, இன்னொரு ஒன்றரை நிமிடம். அப்புறம் மூடியபடியே மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். பிள்ளைகள் தவறவிடுவது இந்த மூன்று நிமிடத்தைத்தான். ஓரத்துச் சூடு நடுவுக்குப் போவது அப்போதுதான். கோப்பையின் அடியில் நடுப்பக்கம் கை வைத்தால் சுட வேண்டும், கிளறினால் உள்ளிருந்து ஆவி வர வேண்டும்.

கோழி வேறு கதை. பனிக்கட்டி இந்த அலையைச் சரியாக வாங்காது, தண்ணீர் நன்றாக வாங்கும். உறைந்த துண்டில் ஓரம் உருகியதும் சூடு முழுவதும் அங்கேயே போகிறது. ஓரம் வெந்து தோலாகிவிடும், எலும்புப் பக்கம் பனியாகவே கிடக்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் இறக்கி வையுங்கள். கோழி நடுவரை 75 பாகை காண வேண்டும். பச்சைக் கோழியைப் பிள்ளைகள் மைக்ரோவேவில் சமைக்கவே வேண்டாம், விறகடுப்பிலோ கேஸிலோ நீங்கள் வேகவைத்துக் கொடுங்கள். அவர்கள் சூடு மட்டும் காட்டட்டும்.

மகளின் வாந்திக்கு நான் சந்தேகப்படுவது அந்த இரவுச் சோற்றை. குளிர்தானே என்று நம் ஆட்கள் சொல்லாத வீடே இல்லை. நுவரெலியாக் குளிர் கூட ஃப்ரிட்ஜ் குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், அடுப்பெரிந்த காம்பராவோ இரவு முழுக்கக் கதகதப்பாக இருக்கும். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விஷத்தை உண்டாக்குகிறது. அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் சாகாது. மைக்ரோவேவ், விறகடுப்பு எதில் வைத்தாலும் அப்படித்தான். வடித்த சோறு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், பரத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு தடவைதான் சூடாக்கலாம். மறுபடியும் வாந்தி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, மெக்னட்ரோன் பலம் குறைந்து போவதும் உண்டு. அதை நீங்களே பார்த்துவிடலாம். பெட்டியின் பின்னால், சூடாக்கும் பலம் (output) எத்தனை வொட் என்று இருக்கும். 800 வொட் என்றால், 250 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீர் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் கொதிக்க வேண்டும். ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டே வையுங்கள், இல்லாவிட்டால் கொதி தெரியாமல் இருந்து கையில் எடுத்ததும் பொங்கித் தெறிக்கும். இதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு தடவையும், இரவு ஏழு மணிக்கு ஒரு தடவையும் செய்யுங்கள். காலையில் சரியாகக் கொதித்து, இரவில் நாலு நிமிடம் எடுத்தால், குற்றம் உங்கள் மைக்ரோவேவில் இல்லை, கரண்டில்.

230 வோல்ட் வர வேண்டும். நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எல்லாரும் விளக்குப் போட்டு ஹீட்டர் போடும் நேரத்தில் அது வராது. வோல்ட்டேஜ் சற்று விழுந்தாலே சாதாரண மைக்ரோவேவின் பலம் அதைவிட அதிகமாக விழும். ஆறு மணிக்குப் பல்பு மங்குகிறதா? அதே காரணம்தான். முறைப்பாடு செய்யப் போனால் தோட்ட நிர்வாகத்திடம் போ என்கிறார்கள், நிர்வாகத்திடம் போனால் கரண்ட்காரரிடம் போ என்கிறார்கள். பல வருடமாக லய மக்கள் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறார்கள், ஒரு ட்ரான்ஸ்போமர் கூட்ட யாரும் அக்கறைப்படவில்லை. அதைச் சொன்னதும் டவுனில் ஸ்டெபிலைசர், அதாவது வோல்ட்டேஜைச் சீராக்கும் பெட்டி, விற்க ஒருவர் வருவார். டீவிக்கு வைக்கும் 500 வொட் ஸ்டெபிலைசர் இதற்குத் தாங்காது, எரிந்துவிடும். 800 வொட் மைக்ரோவேவ் சுவரிலிருந்து 1,200 வொட்டுக்கு மேல் இழுக்கும். காசைச் சேமியுங்கள். இரவில் ஒவ்வொரு தடவைக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட்டிச் சூடாக்கினால் போதும்.

ஐஸ்கிரீம் டப்பாவிலும் சோறு கட்டும் பிளாஸ்டிக் லன்ச் ஷீட்டிலும் சூடாக்க வேண்டாம், சில்வர் கிண்ணமும் வேண்டாம். கண்ணாடியோ சீனக் களிமண்ணோ நல்லது. கையேட்டில் இதெல்லாம் இருக்கும், ஆனால் தமிழில் ஒரு வரி கூடப் போடாமல் விற்கிறார்கள், பிள்ளைகள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

காலையிலும் இரவிலும் நாலு நிமிடம் எடுத்தால் மட்டும், வேறு கடையில் காட்டுங்கள். எந்தச் சாமான் மாற்றுகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்கி, பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். வீட்டில் யாரும் மைக்ரோவேவின் வெளி மூடியைக் கழற்றக் கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கி நிற்கும். கடையில் சிலர், கதவைத் திறந்தால் நிறுத்தும் சுவிட்சை வேலை செய்யாதபடி நேரே இணைத்துவிட்டுத் தந்துவிடுவார்கள். கொண்டுவந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஓடவிட்டு, கதவைத் திறந்தவுடன் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, அன்றே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.