குவாட் உப்பும் இரண்டு அடுக்குகளும்: சில கேள்விகள், பதில்கள்

ஒன்றோடொன்று கலக்காத நீர் அடுக்கிலிருந்து கரிமக் கரைப்பான் அடுக்குக்கு அயனியைக் கொண்டுபோய் வினையை ஓட வைப்பது நிலைமாற்ற ஊக்கி. அந்த வேலைக்குப் பயன்படும் குவாட் உப்பில், நைட்ரஜனோடு நான்கு கரிமக் குழுக்கள் சேர்ந்த நேர்மின் அயனி இருக்கும். கீழே வரும் டிபிஏபி அப்படிப்பட்ட ஓர் உப்பு.

டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு (டிபிஏபி) தண்ணீரில் நன்றாகக் கரைகிறது, டொலுயீனில் கரைவதே இல்லை. அப்புறம் எப்படி அது அயனியை மேல் அடுக்குக்குக் கொண்டுபோகும்? (எம்.எஸ்சி. மாணவி)

தூய தண்ணீரை வைத்துப் பார்த்ததால் வந்த சந்தேகம் இது. வினைக்கலத்தில் இருப்பது உப்போ காரமோ செறிந்த கரைசல். அங்கே தண்ணீர் மூலக்கூறுகளை சோடியம் அயனிகள் பிடித்து வைத்துக்கொள்வதால் குவாட் வெளியே தள்ளப்படுகிறது. போகும்போது மின்சுமை சமன்பட ஓர் எதிர்மின் அயனியையும் கூட்டிக்கொண்டு போகிறது. கரிம அடுக்கில் அந்த அயனியைச் சுற்றித் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் வீரியம் அதிகம்.

1971இல் சார்லஸ் ஸ்டார்க்ஸ் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். குளோரோஆக்டேனையும் சோடியம் சயனைடு நீர்க்கரைசலையும் நாள்கணக்கில் கொதிக்க வைத்தாலும் நைட்ரைல் (குளோரின் இருந்த இடத்தில் சயனைடு சேர்ந்த விளைபொருள்) கிடைக்காது. நான்கு ஆல்கைல் குழுக்கள் கொண்ட பாஸ்போனியம் உப்பைச் சிறிதளவு சேர்த்ததும் சில மணி நேரத்தில் வினை முடிந்துவிட்டது. குவாட் அம்மோனியமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆல்கைல் குளோரைடு வைத்தால் சயனைடு வினை நன்றாக ஓடுகிறது. அயோடைடு இன்னும் வேகமாக ஓட வேண்டுமே? பாதியில் நின்றுவிட்டது. (ஆய்வு மாணவர்)

எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வினையில் வெளியேறும் அயோடைடு எங்கே போகிறது என்று பாருங்கள். அயோடைடு பெரிய அயனி, தண்ணீரோடு அதற்குப் பிடிப்பு குறைவு. குவாட்டோடு சேர்ந்து கரிம அடுக்கிலேயே தங்கிவிடும். சயனைடு அதை அசைக்க முடியாது. வினை முன்னேற முன்னேற அயோடைடு பெருகி, ஒரு கட்டத்தில் குவாட் முழுவதும் அதன் பிடியில் போய்விடும்.

ஏறக்குறைய வரிசை இது: பெர்குளோரேட், அயோடைடு, நைட்ரேட், புரோமைடு, குளோரைடு, ஹைட்ராக்சைடு, சல்பேட். முன்னால் இருப்பவை கரிம அடுக்கை விரும்பும், பின்னால் இருப்பவை தண்ணீரை. எந்த வினையைத் தொடங்கும் முன்பும் உள்ளே போக வேண்டிய அயனி எது, வெளியே வரும் அயனி எது என்று எழுதி இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஊக்கி எது என்ற யோசனை அதற்குப் பிறகுதான். உங்கள் வினைக்கு ஆல்கைல் குளோரைடோ மெசிலேட்டோ (மீத்தேன்சல்போனேட் எஸ்டர்) சரி.

டிபிஏபிக்குப் பதில் அதன் ஹைட்ரஜன் சல்பேட் உப்பை வாங்குவதற்கும் காரணம் இதுதான்: காரக் கரைசலில் அது சல்பேட்டாகிவிடும், சல்பேட் தண்ணீரிலேயே இருந்துவிடும், போட்டிக்கு வராது.

கலக்கும் வேகத்தை எவ்வளவு கூட்டலாம்? (தொழிற்சாலை வேதியியலர்)

வினையைப் பொறுத்தது. சயனைடு போன்றவற்றில் அடுக்குகள் ஓரளவு நன்றாகக் கலந்துவிட்டால், அதற்கு மேல் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. 50% சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து கார்பனிலிருந்து புரோட்டானைப் பிடுங்கும் வினைகள் வேறு ரகம். ஹைட்ராக்சைடு தண்ணீரை விட்டு வர மறுப்பதால், புரோட்டான் இரண்டு அடுக்கும் தொடும் எல்லையிலேயே போகிறது. போலந்தின் மியெச்சிஸ்வாவ் மகோஷா இப்படித்தான் விளக்கினார். அங்கே எல்லைப் பரப்பு முக்கியம், ஆகவே கலக்கலும் முக்கியம். ஆய்வகக் குடுவையில் ஓடியது பெரிய கலத்தில் இழுத்தால் முதலில் கலக்கியைச் சந்தேகப்படுங்கள்.

சூடான காரத்தில் சில மணி நேரம் கழித்து அமீன் வாடை வருகிறது. (அதே வேதியியலர்)

ஊக்கி சிதைகிறது. ஹாஃப்மன் நீக்கத்தில் (சூடான காரம் குவாட்டை உடைக்கும் வினை) டிபிஏபி டிரைபியூட்டைல் அமீனாகவும் பியூட்டீனாகவும் உடைகிறது. வெப்பத்தைக் குறையுங்கள், ஊக்கியைப் பகுதி பகுதியாகச் சேர்த்துப் பாருங்கள்.

விளைபொருளிலிருந்து டிபிஏபியை எப்படி நீக்குவது? உப்புக் கரைசலால் கழுவியும் போகவில்லை. (இன்னொரு மாணவர்)

உப்புக் கரைசல் அதைத் திரும்பக் கரிம அடுக்குக்கே தள்ளும். முதலில் வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கரைப்பான் டைகுளோரோமீத்தேன் என்றால் டிபிஏபி அதிலேயே கரைந்து நிற்கும். அதை ஆவியாக்கி, டொலுயீன் அல்லது ஈதரில் எடுத்துக் கழுவுங்கள். அலிக்வாட் 336 போல நீண்ட சங்கிலி உள்ள குவாட் தண்ணீருக்கு வராது. அதற்கு வடித்தலோ சிலிக்கா ஜெல்லோதான் வழி.