திறன்பெற்ற தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையே சம்பள இடைவெளி ஏன் கூடுகிறது? கணினிதான் காரணமா?

கணினிக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் போட்டுவிட்டால் மற்ற காரணங்கள் சத்தமில்லாமல் தப்பித்துவிடும். நான் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன். யாருடைய தொகை வருடா வருடம் ஏறுகிறது, யாருடையது அசையாமல் கிடக்கிறது என்று பார்த்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பொருளியலுக்கான முதல் நோபல் பரிசை 1969இல் பகிர்ந்துகொண்ட யான் டின்பெர்கன் இதை ஓர் ஓட்டப்பந்தயமாகப் பார்த்தார். புதிய தொழில்நுட்பம் படித்தவர்களின் தேவையைக் கூட்டுகிறது; கல்விக்கூடங்கள் படித்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எது முந்துகிறதோ அதைப் பொறுத்து இடைவெளி விரியும் அல்லது சுருங்கும். பொருளியலாளர்கள் கிளாடியா கோல்டினும் லாரன்ஸ் கட்ஸும் அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் இந்தக் கண்ணால் பார்த்தார்கள். மின்சாரமும் மோட்டாரும் தொழிற்சாலைக்குள் புகுந்த காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளும் பரவியதால் வித்தியாசம் குறைந்தது. 1970களில் பட்டதாரிகள் குவிந்ததால் பட்டத்தின் மதிப்பே சற்று இறங்கியது. 1980க்குப் பிறகு பட்டதாரிகள் பெருகும் வேகம் தளர்ந்தது, தேவை தளரவில்லை. இடைவெளி விரிந்தது.

கணினி யாருடைய வேலையைப் பறிக்கிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் காட்டியது இது: கணினி குறிவைப்பது எழுதிவைத்த விதிப்படி திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை. தட்டச்சர், பேரேடு எழுதும் எழுத்தர், ஒரே பாகத்தைப் பொருத்திக்கொண்டிருக்கும் தொழிலாளி ஆகியோர்தான் முதலில் அடிபட்டார்கள். இவர்கள் கடைசிப் படியில் இருந்தவர்கள் அல்ல, நடுப்படியில் இருந்தவர்கள். வேலை போனதும் இவர்களில் பலர் கீழே இறங்கி, துப்புரவு, காவல், சுமை தூக்குதல் போன்ற கணினியால் செய்ய முடியாத வேலைகளுக்குப் போட்டியிட்டார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் கூலி ஏறாமல் போனதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

அடுத்தது உலக வர்த்தகம். ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1941இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வர்த்தகம் திறந்தால் பணக்கார நாட்டில் திறன் குறைந்த தொழிலாளி நஷ்டப்படுவார், ஏழை நாட்டில் அவரைப் போன்றவர் லாபம் அடைவார். முதல் பாதி ஓரளவு நடந்தது. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவின் பல தொழில் ஊர்களில் ஆலை வேலைகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டாம் பாதிதான் பொய்த்தது. 1986இல் காட் (GATT) என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்து சந்தையைத் திறந்த மெக்சிகோவிலும் இடைவெளி கூடியது! பொருளியலாளர்கள் ஃபீன்ஸ்ட்ராவும் ஹேன்சனும் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பணக்கார நாடு வெளியே அனுப்பும் வேலை அங்கே திறன் குறைந்த வேலை. வந்து சேரும் நாட்டிலோ அதுவே திறன் கூடிய வேலை. ஆகவே இரண்டு இடத்திலும் படித்தவருக்கே கிராக்கி கூடுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் சந்தையின் கதை. இனி வருவதைப் பேசத்தான் பலர் தயங்குகிறார்கள்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 1981 முதல் 1990 வரை மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லை. அந்தப் பத்தாண்டில்தான் கீழ்மட்டச் சம்பளம் மற்றவற்றிலிருந்து வெகுவாகப் பின்தங்கியது, குறிப்பாகப் பெண்களுக்கு. இணையமும் கணினியும் வெள்ளமாகப் பாய்ந்த 1990களிலோ, கீழ்மட்டத்துக்கும் நடுமட்டத்துக்கும் இடையிலான தூரம் பெரிதாகக் கூடவில்லை. கணினிதான் முழுக் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? தொழிற்சங்கங்களும் இதே காலத்தில் தேய்ந்தன. 1983இல் அமெரிக்கத் தொழிலாளரில் சுமார் 20 சதவீதம் பேர் சங்க உறுப்பினர்கள். இப்போது சுமார் 10 சதவீதம். பிரான்சுக்கும் அதே கணினிகள்தான் வந்தன. உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் இருந்த அங்கே இடைவெளி அப்படி விரியவில்லை. வேலையின்மை அதிகமாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் நேரில் பார்த்த மாற்றம் வேறு. துப்புரவுப் பணியாளர், காவலர், உணவுக்கூடப் பணியாளர் ஆகியோர் பெயர்கள் ஒரு நிதியாண்டோடு என் பட்டியலிலிருந்து போய்விட்டன. அவர்களுக்குப் பதிலாக 'ஒப்பந்ததாரர் பில்' என்று ஒற்றை வரி வந்தது. பல முகங்கள் அதே வாசலில்தான் தொடர்ந்து தெரிந்தன. ஆனால் ஆண்டு ஊதிய உயர்வு, லாபம் வந்தால் போனஸ், வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு எல்லாம் பட்டியலில் மிஞ்சியவர்களுக்கு மட்டும். ஒப்பந்ததாரர் பில்லை ஏலத்தில் குறைக்கலாம். பொறியாளரின் சம்பளத்தை அப்படிக் குறைக்க முடியாது. ஜெர்மனியில் கோல்ட்ஷ்மிட், ஷ்மீடர் ஆகியோரின் ஆய்வு, இப்படி வெளியே விடப்பட்டவர்களின் சம்பளம் அதே வேலையை உள்ளே இருந்து செய்தவர்களைவிட 10 முதல் 15 சதவீதம் சரிந்ததாகச் சொல்கிறது. துடைப்பம் பிடிக்கும் திறன் ஒரே இரவில் குறைந்துவிடவில்லையே. கைமாறியது பேரம் பேசும் வலிமை.

'அவர்களும் படித்திருக்கலாமே' என்ற பதில் எனக்குப் போதாது. படிப்பு உதவும்தான். பிரேசிலில் 2000களில் இடைவெளி சுருங்கியதற்குப் பள்ளிக் கல்வி பரவியது ஒரு காரணம், குறைந்தபட்ச ஊதியத்தைத் தொடர்ந்து உயர்த்தியது இன்னொரு காரணம். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஆள் பற்றாக்குறை வந்தபோதோ, கீழ்மட்டச் சம்பளம் மேல்மட்டத்தைவிட வேகமாக ஏறியது. இடையில் யாரும் பட்டம் வாங்கிவிடவில்லை, கணினிகளும் பின்னோக்கிப் போகவில்லை. இந்த வேலை பிடிக்காவிட்டால் அடுத்த வாசலில் வேலை கிடைக்கும் என்ற நிலை கொஞ்ச காலம் இருந்தது, அவ்வளவுதான்.