பேத்திக்குத் தமிழ் வராது. ஆயா எந்த மொழியில் பாடுவது?
வாசகர் கேள்வி – பதில்: குடும்பக் கதையை இசை நாடகமாக்குவது குறித்து

கேள்வி: எங்கள் வட்டாரத்துச் சமூக அரங்கில் ஒரு குடும்பக் கதையை இசை நாடகமாகப் போட எண்ணியிருக்கிறோம். ஆயா, மகன், மருமகள், பேரன், பேத்தி ஆகியோரே முக்கியப் பாத்திரங்கள். நடிக்க முன்வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வராது. பார்க்க வருபவர்களும் அப்படித்தான். முழுவதும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று மூத்தவர்களும், ஆங்கிலத்தில் இருந்தால்தான் பிள்ளைகள் உட்காருவார்கள் என்று இளையவர்களும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, அந்தக் குடும்பம் வீட்டில் எப்படிப் பேசுமோ அப்படியே மேடையிலும் பேசட்டும். ஆயா தமிழில் கேட்பார்; மகன் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பதில் சொல்வார்; பேத்தி ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவாள். நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது இதுதான். இதை மறைத்து எல்லாரையும் செந்தமிழ் பேசவைத்தால் பிள்ளைகள் கிளிப்பிள்ளைகளாகிவிடுவார்கள். எல்லாரையும் ஆங்கிலம் பேசவைத்தால் ஆயாவாக நடிப்பவருக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடும். ஆனால் பாட்டு, அது யார் பாடும் பாட்டாக இருந்தாலும், தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேச்சு நின்றுபோகும் இடத்தில்தான் இசை நாடகத்தில் பாட்டுப் பிறக்கிறது. ஆயாவுக்கும் பேத்திக்கும் நடுவே பேச்சு நின்றுபோகும் இடம் எதுவென்று தேடினால் உங்கள் நாடகத்தின் பாட்டுகள் எங்கெங்கே வர வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்த பலர், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்டு, அறுபதுகளில் பிள்ளைகளாகச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள். விட்டுவந்த வீட்டின் கறிவேப்பிலை மரத்தைப் பற்றி அந்த ஆயா வசனமாகப் பேசினால் பேத்தி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாடினால் நிமிர்ந்து பார்ப்பாள். அந்த ஒரு நிமிர்தலை நம்பி ஒரு காட்சியையே எழுதலாம்.

பொருள் புரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். திரையில் எழுத்து ஓடவிடுவதைவிட நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. நேட்டாலின் கோயில் திடல்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை, அதாவது இங்கே எல்லாரும் ‘சிக்ஸ் ஃபுட்’ என்று சொல்லும் ஆட்டத்தை, உங்கள் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியே வந்து கூட்டத்தோடும் பேசுவான். உங்கள் நாடகத்தில் பேரனையே கட்டியங்காரன் ஆக்கிவிடுங்கள். ஆயா பாடும் வரியை அவன் சபையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். சில இடங்களில் தவறாகவும் சொல்லட்டும். தமிழறிந்தவர்கள் சிரிக்கும்போது மற்றவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் காரணம் கேட்பார்கள். ஓர் அரங்கில் தாத்தாவிடம் பேரப்பிள்ளை குனிந்து பொருள் கேட்பதைவிட வேறென்ன வேண்டும்?

மற்றொன்று, தர்க்கப் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து இசை நாடக மேடையில் இரண்டு பாத்திரங்கள் மாறி மாறிப் பாட்டிலேயே வழக்காடும் முறை அது. மாமியாரும் மருமகளும் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுவதைப் பற்றியோ, பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றியோ அப்படி வழக்காடினால், வசனத்தில் கசப்பாகத் தெரியக்கூடிய சண்டைகூடத் தாளக்கட்டுக்குள் வந்து இனிமையாகிவிடும். இருவருக்கும் சமமான வரிகள் கொடுங்கள். மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்க வேண்டும்.

தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். ல, ள, ழ மூன்றையும் அந்த எழுத்துகள் ஒன்றாக்கிவிடுகின்றன. எங்கள் ஒத்திகை ஒன்றில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தாளில் ழகரம் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் ஒரு சிறு கொக்கி போட்டு வைத்திருந்தாள். நாக்கை மடிக்க வேண்டும் என்பதற்கு அவளாகக் கண்டுபிடித்த அடையாளம். அவ்வளவு அக்கறை இருந்தும், தாளைப் பார்த்துப் பாடியபோது ‘மழை’ அவள் வாயில் ‘மலை’யாகத்தான் வந்தது. தாளை வாங்கி வைத்துவிட்டு, ஆயாவாக நடித்த அம்மையார் இரண்டிரண்டு வரியாகப் பாடியதை அவள் கைபேசியில் பதிந்து கொடுத்தோம். அடுத்த வாரம் வந்தபோது ழகரம் சரியாக இருந்தது. கூடவே அந்த அம்மையார் வரி முடிவில் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரே குடும்பத்துக் குரலாகவே கேட்டது.

சுருதியை மட்டும் முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். இளவயதில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய பெண்மணிக்கு எழுபது வயதுக்குமேல் மூன்று கட்டைதான் சுகமாக இருக்கும். பத்து வயதுப் பேத்திக்கோ அங்கே கீழ்ச் சுரங்களில் குரல் எழும்பாது. ஆகவே இருவரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு ஆறேழு சுரங்களுக்குள் அடங்கும் மெட்டாகப் பாருங்கள். நீலாம்பரியின் சாயலில் ஒரு தாலாட்டு அதற்கு மிகவும் பொருந்தும். இருவரையும் ஹார்மோனியத்தின் பக்கத்தில் நிறுத்தி முணுமுணுக்கவைத்து, இருவர் முகமும் இறுகாத கட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கீபோர்டில் பொத்தானை அழுத்தி நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கேள்வி: எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளையே நாடகத்தில் கோத்துவிட்டால் வேலை எளிதாகுமே? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எளிதாகாது, ஐயா. ஒரு மண்டபத்தில் பாட்டை ஒலிபரப்புவதற்கு வாங்கும் அனுமதி வேறு. அதே பாட்டைக் கதையோடு பிணைத்துப் பாத்திரங்கள் நடித்துப் பாடுவதற்கான அனுமதி வேறு. பின்னதைப் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பிறர் எழுதிய நாடகத்தை எடுத்து நடிப்பதாயின் நாடக, இலக்கிய உரிமைகளை நிர்வகிக்கும் டால்ரோ (DALRO) நிறுவனத்திடம் முதலில் விசாரியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கும் இசைக்கும் உள்ள உரிமை அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் வரை நீடிக்கும். 1921இல் மறைந்த பாரதியாரின் வரிகளை யாரும் தாராளமாகப் பாடலாம். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் அவற்றுக்கு அமைத்த மெட்டை எடுத்தால் அந்த மெட்டுக்கு உரிமை இருக்கக்கூடும். உங்கள் குழுவில் ஹார்மோனியம் வாசிப்பவரை நம்பிப் புது மெட்டுப் போடச் சொல்லுங்கள். பார்ப்பவர்களும் சினிமாக் காட்சியை நினைக்காமல் உங்கள் குடும்பத்தைப் பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. எந்த மாதத்தில் நாடகம் போடுவது? நம் நாட்டின் மரபு நாளான (Heritage Day) செப்டம்பர் 24 சரிவருமா? – வாசகி, டொங்காட்

பதில்: செப்டம்பர் 24 எப்போதும் புரட்டாசியில்தான் வரும். அது சனிக்கிழமையாக அமைந்தால் வீட்டில் படையல், விரதம் என்று கூட்டம் சேராது. மற்றக் கிழமைகளில் போடலாம். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை நம் கடற்கரைப் பகுதிக்கு மழைக்காலம். தகரத்தின்மேல் மழை விழுந்தால் தாலாட்டு எங்கே கேட்கும்? என்னைக் கேட்டால் ஆனி மாதம், அதாவது ஜூன் கடைசியும் ஜூலை முதல் வாரமும்தான் நல்லது. வானம் வறண்டிருக்கும்; பள்ளி விடுமுறையும் அதையொட்டி வரும்; ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் எல்லா வீடுகளும் முனைந்துவிடும், உங்கள் நடிகர்கள் உட்பட. தைப்பூசக் காவடி முடிந்ததும் ஒத்திகையைத் தொடங்குங்கள். பங்குனி உத்திரத்துக்கும், ஈஸ்டரையொட்டிய மாரியம்மன் திருவிழாவுக்கும் வார இறுதிகளை இப்போதே விட்டுவைத்துவிட்டால் பிறகு யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டியிராது.

கேள்வி: எங்கள் குழுவில் உண்மையான மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். அவர்களையே அந்த வேடங்களில் போடலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். ஒத்திகையில் சொல்லும் ஒரு வசனம் வீட்டுச் சமையலறைவரை போய்விடும். மாமியாரை வேறொரு வீட்டு மருமகளுக்கு மாமியாராகப் போடுங்கள். மருமகளை அவருடைய மகளாகப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் நாங்கள் அப்படிச் செய்தோம். மகளாக நடித்த மருமகள் அவர் மடியில் தலை வைக்கும் காட்சி ஒன்று இருந்தது. முதல் இரண்டு ஒத்திகைகளில் இருவரும் கூச்சப்பட்டுத் தள்ளித்தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாவதில், காட்சி முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் மாமியாரின் கை மருமகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தது.