கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் போடிநாயக்கனூர் அருகே ஒரு கிராமம். கொள்ளுத்தாத்தா பார்த்திப வருடம் ஐப்பசியில் காலமானார் என்றும், கடைசியில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்றும் வீட்டில் சொல்வார்கள். ஐப்பசி தேய்பிறைத் தசமியில் திதி கொடுத்து வருகிறோம். அவருடைய தகப்பனார் பெயரும் அவர் எதனால் இறந்தார் என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டபோது பதிவு இல்லை என்றார். இனி என்ன செய்வது?

பதில்: கிராமத்தில் இல்லை என்றதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். ஒருவருடைய இறப்பு, அவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்த்துப் பதியப்படுவதில்லை. உயிர் எந்த ஊரில் பிரிந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். மதுரை மருத்துவமனையில் இறந்திருந்தால் அன்றைய மதுரை நகராட்சியில் பதிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சி 1971இல் மாநகராட்சி ஆகிவிட்டதால், நீங்கள் முதலில் மனுக் கொடுக்க வேண்டிய இடம் மதுரை மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவு. நீங்கள் சொல்லும் பெரியாஸ்பத்திரி, அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை, அக்காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி எனப்பட்டது. பழைய தாள்களில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் வைத்தியர் கைவிரித்துவிட்டால், உயிர் இருக்கும்போதே நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி நடந்திருந்தால் பதிவு கிராமத்தில்தான் இருக்கும். அப்போதும் அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எதிர்பார்க்க முடியாது. அந்தப் பதவியே பரம்பரைக் கிராமப் பணியிடங்கள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின் வந்தது. அதற்கு முன் பிறப்பையும் இறப்பையும் எழுதியவர் கிராம முன்சீப். கிராமங்களின் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன, அங்கே கேளுங்கள். தேனி மாவட்டம் 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதால், மனுவில் ‘அந்நாளைய மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா’ என்று சேர்த்தே எழுதுங்கள். அவர் ஏலத் தோட்ட வேலைக்காக மலையேறிப் போன இடத்தில் இறந்திருந்தால், அது அன்று திருவிதாங்கூர் எல்லை. இன்று கேரளத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

இனி தேதி. உங்கள் கையிலுள்ள பெருஞ்செல்வம் அந்தத் திதிதான். பார்த்திப என்பது 1945 சித்திரையில் தொடங்கிய ஆண்டு; அதற்கு முந்தைய பார்த்திப 1885இல் வருவதால், பிள்ளைகளின் வயதைப் பார்த்தாலே எது என்பது தெரிந்துவிடும். அந்த ஐப்பசியின் தேய்பிறைத் தசமி 1945 அக்டோபர் கடைசி நாட்களில் விழுகிறது. ஆடி, தை, புரட்டாசி அமாவாசை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன், ஏனெனில் இறந்த திதி மறந்துபோன குடும்பங்களும் அந்நாட்களில்தான் கொடுக்கும். தசமி அப்படி யாரும் ஒப்புக்குத் தேர்ந்துகொள்ளும் நாள் அன்று. தேடுதல் கட்டணம் தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், தேதி நெருங்க நெருங்கச் செலவும் குறையும். தாமதமாகத் தெரிவித்திருக்கலாம் என்பதால் நவம்பர், டிசம்பர் பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயரை வீட்டில் வழங்கிய விதத்திலேயே தேடக் கூடாது. வீட்டில் ‘பெரியவர்’ என்றோ செல்லப் பெயராலோ வழங்கப்பட்டவர், பதிவில் குலதெய்வத்தின் பெயரோடு நிற்பார். வயதையும் அப்படியே நம்பாதீர்கள்; 50, 60 என்று குத்துமதிப்பாக எழுதுவது அன்று சாதாரணம். பெயர், ஊர், தகவல் சொன்னவர் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் வயதில் ஐந்தாறு ஆண்டு முன்பின் இருப்பதற்காக ஒரு பதிவைத் தள்ள வேண்டியதில்லை.

இறப்புக்கான காரணத்தைச் சான்றிதழில் எதிர்பார்க்காதீர்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டைத் தேடச் சொல்லவும் நகல் பெறவும் எவருக்கும் உரிமை தருகிறது. ஆனால் இறப்புக் காரணத்தை நகலில் வெளியிடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பத்திரங்களின் பக்கம் திரும்புங்கள். உங்களுக்கு வேண்டியது தகப்பனார் பெயர் என்பதால், பத்திரங்களே இதற்குச் சிறந்த இடம் என்பது என் கருத்து. கொள்ளுத்தாத்தா உயிரோடிருந்தபோது வாங்கிய, விற்ற, அடமானம் வைத்த நிலம் ஏதாவது இருந்தால், ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அவர் தகப்பனார் பெயரோடுதான் பத்திரம் தொடங்கும். அவர் மறைந்தபின் பிள்ளைகள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையில் ‘காலஞ்சென்ற’ என்ற அடைமொழி வரும். அவரே கையெழுத்திட்ட கடைசிப் பத்திரத்துக்கும் ‘காலஞ்சென்ற’ என்று வரும் முதல் பத்திரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அவர் இறந்திருக்க முடியும் என்பதால், திதியைக் கொண்டு நாம் கணித்த ஆண்டையும் அதைக்கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் காலத்துக்கான வில்லங்கச் சான்று (அந்த நிலத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேட்டு நேரில் மனுக் கொடுங்கள். அதில் வரும் ஆவண எண்ணைக் கொண்டு பத்திரத்தின் நகலையும் வாங்கிவிடலாம்.