ஜப்பானியப் பாடகியும் பியானோ கலைஞருமான அகிகோ யானோ புகழ்பெற்றது இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவின் மனைவி என்பதாலா?

இல்லை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். யானோவின் முதல் இசைத்தொகுப்பான 'ஜாப்பனீஸ் கேர்ள்' வந்தது 1976இல். சகமோட்டோ இருந்த யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழு உருவானதே 1978இல். இருவருக்கும் திருமணம் நடந்தது 1982இல். அந்த முதல் தொகுப்பில் ஒரு பாதிக்கு லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழு வாசித்திருக்கிறது. அப்போது யானோவுக்கு இருபத்தொரு வயது. யார் மனைவி என்று பார்த்தா அவர்கள் வாசித்தார்கள்?

யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் 1979 சுற்றுப்பயணக் காணொளியில் கீபோர்டு வாசிக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருக்கலாம். தவறில்லை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். என் கணவர் அதே குழுவில் கிட்டார். நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் அவர் வந்தார்; கிட்டாருக்கு ஆள் இல்லாதபோது அவரை அழைத்து வந்ததே நான்தான். ஒரு திருமண வரவேற்பில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பல்லவி தொடங்கப் போகும் நேரத்தில் என் பக்கம் திரும்பி, இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். சுருதியை ஒரு கட்டை இறக்க வேண்டும். ஒரு முறை அழுத்தினால் அரைக் கட்டை இறங்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டு, முன்னிசையில் கிட்டாருக்கு உரிய பகுதியையும் சேர்த்து நானே வாசித்துவிட்டேன். என் கணவர் புதிய சுருதிக்கான கார்டுகளை (chords) பிடித்து வருவதற்குள் பல்லவியே முடிந்திருந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "கிட்டார் கலைஞருக்கு ஈடுகொடுத்து வாசிக்கும் அவருடைய துணைவியார்" என்றார். பெயர்கூடச் சொல்லவில்லை. பணக்கவர் வழக்கம்போல என் கணவர் கைக்குப் போனது. அவர் நல்ல மனிதர், அங்கேயே என்னிடம் கொடுத்துவிட்டார். இதைப் படிக்கவும் செய்வார். அவர்மீது குறை சொல்லவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் பந்தி பரிமாறுபவர்களைச் சொல்வேன். கச்சேரி முடிந்து நாங்கள் இலையில் உட்காரும்போது ரசமும் அப்பளமும்தான் மிச்சம் இருக்கும். மூன்று மணி நேரம் வாசித்தவர்களுக்கு இதுதான் மரியாதையா? சரி, அது வேறு கதை.

சகமோட்டோ ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆஸ்கர் வாங்கியவர் அவர். நானும் விரும்பிக் கேட்பவள்தான். யானோவின் 1981 வெற்றிப் பாடல், அழகுசாதன விளம்பரத்தில் ஒலித்த 'ஹாரு சாகி கோபெனி'க்கு இசைக்கோர்ப்பு செய்ததே யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராதான் என்பதும் தெரியும். "யானோ என்பதே முதல் கணவரின் குடும்பப்பெயர்தானே?" என்று யாராவது மடக்குவீர்கள். ஆமாம், பிறந்தபோது சுசுகி. ஆனால் அந்தப் பெயரில் இசையுலகில் நிலைபெற்றபின் இரண்டாம் திருமணத்திலும், 2006 மணமுறிவுக்குப் பிறகும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது 1992இல் வந்த 'சூப்பர் ஃபோக் சாங்' தொகுப்பால். பியானோவும் குரலும் மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒலிப்பதிவைக் கறுப்பு வெள்ளையில் ஆவணப்படமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஒரு சுரம் மனத்துக்கு ஒவ்வாவிட்டாலும் நிறுத்திவிடுகிறார், முகம் சுளிக்கிறார், முதலிலிருந்து தொடங்குகிறார். ஒட்டுப்போடும் பேச்சே இல்லை. பெரும்பாலும் பிறர் பாடல்களைத்தான் வாசிக்கிறார், ஆனால் மெட்டை இழுத்தும் தள்ளியும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறார். எங்கள் மேடையில் நான் அப்படிச் செய்தால் அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது.

1990இல் நியூயார்க்கில் குடியேறியவர், இன்னும் வாசிக்கிறார். ஜாஸ் பியானோ கலைஞர் ஹிரோமி உயேஹாராவுடன் இரண்டு பியானோக்களை எதிரெதிரே வைத்து அவர் நடத்திய கச்சேரிகள் 2011இலும் 2017இலும் தொகுப்புகளாக வந்தன. இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். முதலில் 2017 தொகுப்பைக் கேளுங்கள். 1979 காணொளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.