இசையோடு மூச்சுப் பயிற்சி செய்யும்போது தலைசுற்றுவது ஏன்?

வணக்கம் ஐயா. 150/95 என்று இருக்கும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தம்புரா ஒலியோடு ஆழமாக மூச்சிழுத்து அடக்குவதாகவும், அப்போது தலைசுற்றுவதாகவும் எழுதி, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். இப்பயிற்சி மருந்துக்குத் துணைதான். தேவைக்கு மேல் காற்றை வெளியேற்றும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதே இத்தகைய தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், மூச்சை ஆழமாக்காமல் மெதுவாக மட்டும் ஆக்குங்கள், அடக்கவும் வேண்டாம். தம்புராவில் தாளம் இல்லாததால் அது மூச்சின் வேகத்தை வழிநடத்தாது. நிமிடத்துக்கு 60 தட்டுகள் உள்ள மெல்லிசையைத் தேர்ந்து, 4 தட்டுக்கு உள்ளிழுத்து 6 தட்டுக்கு வெளிவிட்டால், நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவு தானே அமையும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சைச் செயல் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் கூர்மையடைகிறது. 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இத்தாலிய ஆய்வில், ஜெபமாலை சொன்னபோதும் மந்திரம் சொன்னபோதும் மூச்சு இதே 6-க்கு வந்தது. ஆகவே எந்த மரபின் இசை என்பது பொருட்டல்ல என்பது என் எண்ணம்.

தினமும் 15 நிமிடம் போதும். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் தற்காலிகமாகக் குறைந்த எண்ணே தெரியும் என்பதால், காலையில் பயிற்சிக்கும் மாத்திரைக்கும் முன், 5 நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளந்து குறித்துவையுங்கள். அடக்குவதை விட்ட பின்னும் தலைசுற்றல் நீடித்தால், அது மாத்திரையாலும் இருக்கலாம். குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.