சறுக்கியது அடைப்புக்குறியில்தான்

தம்பி, நீ எழுதியதைப் படித்தேன். வேலைப்பயிற்சி நேர்காணலில், ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் பலர் நுழைவதுபோல் சோதிக்கும் லோட்ரன்னர் கருவி பற்றிக் கேட்டது சின்னக் கேள்விதான்: சர்வர் கொடுத்த டோக்கன் (பயனரை அடையாளம் காட்டும் எழுத்துத்தொடர்) ஒரு பெராமீட்டரில் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரிட்ட பெட்டியில்) இருக்கிறது, அதன் முன்னால் நான்கு எழுத்து சேர்த்து இன்னொரு பெராமீட்டரில் வை. பெராமீட்டரில் சேமிக்கும் கட்டளையான எல்ஆர்_சேவ்_ஸ்ட்ரிங் (lr_save_string) என்று சரியாகத்தான் தொடங்கியிருக்கிறாய். ஆனால் எழுத்துகளை ஒட்டும்போது, டோக்கன் என்ற பெயரை நெளி அடைப்புக்குறியோடு சி மொழியின் ஒட்டும் கட்டளையான ஸ்பிரிண்ட்எஃப்புக்குள் (sprintf) அப்படியே போட்டுவிட்டாய். சி மொழிக்கு அது வெறும் எழுத்து. பெராமீட்டர் லோட்ரன்னருடைய சொத்து. எல்ஆர்_எவால்_ஸ்ட்ரிங் (lr_eval_string) போட்டு மதிப்பை வெளியே எடுத்து, ஒட்டி, அப்புறம்தான் சேமிக்க வேண்டும். அனுபவசாலிகளும் இதில் சறுக்குவதுண்டு. இதை வைத்து 'எனக்கு கோடிங் வராது' என்று முடிவுகட்டுவது அநியாயம்.

இன்னொன்றும் தெரிந்துகொள். லோட்ரன்னரில் சேமிக்கும்போது மதிப்பு முதலில், பெராமீட்டர் பெயர் பிறகு. இதேபோன்ற இன்னொரு கருவியான ஜேமீட்டரில் சேமிக்க வார்ஸ்.புட் (vars.put) எழுதும்போது பெயர் முதலில், மதிப்பு பிறகு. இரண்டு கருவியும் தெரியும் என்று ரெசுமேயில் எழுதுகிறவர்களிடம் நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்!

உன் அம்மாவின் கவலைக்கு வருகிறேன். 'டெஸ்டிங் எல்லாம் ஒரு வேலையா' என்கிறாராம். சிங்கப்பூரில் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வெளியாகும் நாளில் தீவு முழுக்க எத்தனை குடும்பங்கள் கைபேசியைத் தட்டுகின்றன என்று அவரிடம் கேள். அப்படிப்பட்ட கூட்டத்தை முன்கூட்டியே பொய்யாக உருவாக்கிப் பார்ப்பதுதான் இந்த வேலை. ஆயிரம் போலிப் பயனரும் ஒரே டோக்கனைக் காட்டினால் அது கூட்டமே இல்லை. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனிப் பெராமீட்டர். நிரல் எழுதத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது.

தேசிய சேவை முடிவதற்குள் எல்லாம் மாறிவிடுமோ என்றும் கேட்டிருந்தாய். லோட்ரன்னர் மெர்க்குரி நிறுவனத்திடமிருந்து 2006இல் எச்பிக்கும், 2017இல் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட்டுக்கும் கைமாறியது. எல்ஆர்_சேவ்_ஸ்ட்ரிங் அதே பெயரில்தான் இருக்கிறது.

சரி, இந்த வாரம் ஒரு வேலை. ஜேமீட்டர் இலவசம், இறக்கிக்கொள். உன் மடிக்கணினியிலேயே ஒரு சின்ன சர்வர் வைத்து, பத்துப் பயனருக்குப் பத்து வேறு மதிப்பு போகிறதா என்று பார். அடுத்தவர் தளத்தில் மட்டும் கைவைக்காதே, அனுமதியில்லாமல் சுமை ஏற்றினால் வம்பு. முடித்ததும் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பு.